சுதேஷின் முழங்காலும் வீரம்மாவின் முடியும்

மஹய்யாவயில் இருந்துகொண்டு வீரம்மாவைத் தெரியாது என்று ஒருவன் சொன்னால், அவன் நேற்றுத்தான் வந்து இறங்கியிருக்க வேண்டும். விடிந்தும் விடியாமல் மாநகரசபைச் சீருடையோடு கண்டி டவுனைக் கூட்டிப் பெருக்குகிறவள், பின்னேரமானால் பள்ளத்து மைதானத்து மதிலில் ஏறி உட்கார்ந்துவிடுவாள். புட்போல் என்றால் அவளுக்கு உயிர். இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தாளென்றால் நடுவருக்கே தன் விசில்மேல் சந்தேகம் வந்துவிடும்.

"பொம்பளப் புள்ள மதிலேறி விசிலடிக்கிறதா?" என்று முகத்தைச் சுளித்தவர்களுக்கு அவளிடம் ஒரே பதில்தான். "ஏன், உங்கூட்டு மதிலா?"

அந்த மைதானத்தில் வளர்ந்த பையன்தான் சுதேஷ். பக்கத்து வீடு. தாய் குவைத்தில் வேலைக்குப் போயிருந்த வருஷங்களில் வீரம்மா வீட்டுச் சோற்றைத் தின்று வளர்ந்தவன். "அத்தை, அத்தை" என்று அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே திரிந்தவன். பந்து காலுக்கு வந்துவிட்டால் அப்படியே நழுவிக்கொண்டு போவான். எதிரணிக்காரனும் வாய் பார்ப்பான். ஊருக்கே செல்லப்பிள்ளை.

ஒரு இறுதிப் போட்டியில் அவனுடைய வலது முழங்கால் போயிற்று. ஒபரேஷன் செய்த டொக்டர், "இனிமேல் விளையாட்டை மறந்துவிடு" என்றார். பையன் சுவரைப் பார்த்துப் படுத்தவன் படுத்தவன்தான். வீரம்மா நேரே மாரியம்மன் கோயிலுக்குப் போய் நின்றாள். "ஆத்தா, எம்புள்ள மறுபடி கிரவுண்டுல எறங்கணும். அதுக்கு என் முடி ஒனக்கு."

இடுப்பைத் தாண்டிய முடி அது. வேண்டியது நடந்த பிறகு கொடுப்பதுதான் முறை. இவள் அன்றைக்கே உட்கார்ந்து மொட்டை போட்டுக்கொண்டாள். "வாங்கிட்டாள்ல, இனி ஆத்தா செஞ்சுதானே ஆகணும்?" என்று சாமிக்கே பொறி வைத்துவிட்டு வந்தவளைப் பார்த்துப் புருஷன் ராஜலிங்கம் சிரித்தார். தெருவோ அவள் முதுகுக்குப் பின்னால் கண்டபடி பேசியது. புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில், ஊரான் பிள்ளைக்காக ஒருத்தி மொட்டை போடுவாளா? போட்டாளே!

மறு வருஷம் அவன் மறுபடி மைதானத்துக்கு வந்தான். பொல்லாத மழை. இரண்டாம் பாதியில் ஆள் மாற்றுகிறார்கள் என்றதும் மைதானமே எழுந்து நின்றது. கோட்டுக்கு வெளியே நின்ற சுதேஷ் உள்ளே போகாமல் மதிலை நோக்கி ஓடிவந்தான். வீரம்மாவின் அரைகுறையாய் முடி முளைத்த தலையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் நெற்றியை அதில் வைத்து, குழந்தை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதான். "அத்தை, இந்தக் கால் ஒங்களுது." அதைப் பார்த்து அழாத ஆம்பிளை அன்றைக்கு அங்கே இல்லை. கோல் அடித்தானா இல்லையா என்பதே பாதிப் பேருக்கு ஞாபகமில்லை.

திகன ஊர்க்காரன் பஹீம் இன்றைக்கும் அந்தக் கதையைச் சொல்லாமல் தேத்தண்ணி குடிக்க மாட்டான். த்ரீவீலர் ஓட்டுகிறவன், அந்த மழையில் சுதேஷை மைதானத்துக்குக் கொண்டுவந்து இறக்கியவன். சொல்லச் சொல்ல மழை கூடிக்கொண்டே போகும். கடைசியில் மஹாவலி ஆறே பெருகிவிடும்.

பிறகு கொழும்புக் கழகம் ஒன்று சுதேஷைக் கூப்பிட்டது. கிளம்புகிற அன்றைக்கு வீரம்மாதான் அவன் காதில் ஓதினாள். "மஹய்யாவன்னு சொல்லாத. அம்பிட்டியன்னு சொல்லு. எங்கக்கா வீட்டு விலாசத்தக் குடு." நகரம் கூட்டுகிறவர்கள் குடியிருக்கும் இந்தத் தெருவின் பெயரைச் சொன்னதும் எதிரே இருப்பவர் முகம் சுண்டுவதை அவள் எத்தனையோ தடவை பார்த்தவள். பெற்ற மகள் டிலானிக்கும் அதே விலாசத்தைக் கொடுத்துத்தான் கடையில் வேலை கிடைத்தது. தெருவில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் பிழைக்கிறார்கள். அதில் யாருக்கும் வெட்கமில்லை.

போனவன் போனவன்தான். போன் பண்ணினால் "பிராக்டிஸ், அத்தை" என்பான். பிறகு அதுவும் இல்லை. வீரம்மா அவனை விட்டுக்கொடுக்கவே இல்லை. "புள்ளைக்கு நேரமில்ல" என்று ஊர் வாயை அடைத்தாள்.

போன மாதம் அந்தக் கழகம் கண்டிக்கு விளையாட வந்தது. பஹீமின் த்ரீவீலரில் நாலு பேர் நெருக்கியடித்துக்கொண்டு போனார்கள். வீரம்மா வேலை முடித்த கையோடு சீருடையிலேயே வந்துவிட்டாள். கையில் கோயில் விபூதிப் பொட்டலம். போட்டி தொடங்குமுன் வீரர்கள் வேலியோரமாக நின்றார்கள்.

"வீரம்மாக்கா, எங்கட ஆள் அந்தா நிக்கிறான்! போய்ப் பேசுங்க" என்று பஹீம் அவளைத் தள்ளிவிட்டான். மற்றவர்கள் மேலே இடம்பிடிக்கப் போனார்கள்.

அவள் வாய் கொள்ளாச் சிரிப்போடு வேலிக்குப் போனாள். "டேய் சுதேஷு! எளச்சுப் போயிட்டியேடா!"

திரும்பியவன் முகத்தில் ஒரு நொடி பழைய பிள்ளை தெரிந்தான். பக்கத்தில் கோட் போட்ட மனேஜர் நின்றார். "யார் இந்த அம்மா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

சுதேஷ் சிங்களத்திலேயே சொன்னான். "அம்பிட்டியவில் எங்கள் வீட்டுப் பக்கம் தெருக் கூட்டுகிறவர். எல்லோரோடும் இப்படித்தான் பேசுவார்." பிறகு அவள் நீட்டிய விபூதிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அவளைப் பார்த்து, யாரோ எவரோ மாதிரி, "ஸ்தூதி அம்மே" என்று சிங்களத்தில் நன்றி சொன்னான்.

முப்பது வருஷமாகச் சிங்களத்தில் வேலை செய்கிறவளுக்கு அது புரியாது என்று நினைத்தானா, புரிந்தால் புரியட்டும் என்று நினைத்தானா? பாவி!

வீரம்மாவுக்குக் காது அடைத்துக்கொண்டது. எப்படிப் படியேறினாள் என்று அவளுக்கே தெரியாது. அம்பிட்டியன்னு சொல்லச் சொன்னது நாந்தான். என்னைத் தெரியாதுன்னு சொல்லச் சொன்னேனா? நெஞ்சுக்குள் அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டாள்.

"என்னாக்கா சொன்னான்?" என்றான் பஹீம்.

"சொகமா இருக்கானாம்."

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான். எதிரணிக்காரன் ஒருவன் மோதியதில் சுதேஷ் விழுந்தான். வலது முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு புரண்டான்.

மஹய்யாவ ஆட்கள் அவ்வளவு பேரும் ஒன்றுபோல வீரம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். பஹீம் பதறினான். "அக்கா, வேண்டிக்கோங்க! நீங்க வேண்டினாத்தான் சரிவரும். ஒங்கட புள்ளயாச்சே!"

கை தானாகவே கொண்டைக்குப் போயிற்று. வளர்ந்து, நரைத்து, பழைய முடியில் பாதிகூட வராத கொண்டை. கையைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"யாரு அந்தப் புள்ள? எனக்குத் தெரியாதே. நான் தெருக் கூட்டுறவ."

யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. பஹீம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மைதானத்துப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கீழே சுதேஷ் எழுந்து நின்றான். இரண்டு அடி நொண்டினான். பிறகு ஓடத் தொடங்கினான், பழையபடியே. சனம் கை தட்டியது. அதைப் பார்த்ததும் வீரம்மாவின் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அந்தப் பாழாய்ப்போன நிம்மதியை நினைத்துத்தான் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாதி ஆட்டத்திலேயே எழுந்து படியிறங்கிப் போனாள்.