கண்மாய்ப் படகின் ஏழு போல்டுகள்

துருப்பிடித்த நட்டைக் கழற்றுவது எங்கள் தொழிலில் பெரிய கஷ்டமில்லை. அது துருதான் என்று அதன் சொந்தக்காரரை ஒப்புக்கொள்ள வைப்பதுதான் கஷ்டம். ஸ்பேனர் பிடித்த சகோதரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உலகச் சண்டைக்கு முந்தின வருஷங்களில் நான் அவனியாபுரத்தில் பட்டறை வைத்திருந்தேன். அரவை மிஷின், கிணற்று இன்ஜின், மோட்டார் வண்டி, எது வந்தாலும் பார்ப்பேன். படகு வரும் என்று மதுரைக்காரன் எதற்காக எதிர்பார்க்க வேண்டும்?

முன் அனுபவம்

நாகமலைப் புதுக்கோட்டைக்கு மேற்கே ஒரு ஜமீன்தார். கப்பலேறிச் சீமைக்குத் திரும்பிய தூத்துக்குடி வெள்ளைக்காரர் ஒருவரிடம் பழைய பாய்மரப் படகை வாங்கி, ரயிலிலும் மாட்டுவண்டியிலும் ஏற்றித் தம் கண்மாய்க்குக் கொண்டுவந்துவிட்டார். அதன் அடிவயிற்றில் நீளமாக ஒரு இரும்புக் கட்டை. காற்றில் படகு சாயாமல் இருப்பது அந்தக் கனத்தால்தான். அதைப் படகோடு பிடித்திருந்தவை ஏழு போல்டுகள்.

அவற்றைப் பார்க்கச் சொல்லி ஜமீன் காரியஸ்தர் சாமிநாதன் ஆள் விட்டார். போனேன். படகில் நான் காலே வைத்ததில்லை என்று உள்ளதைச் சொன்னேன். அவர் கொஞ்சமும் கவலைப்படவில்லை.

"அதுக்கென்னப்பா, எசமானும்தான் வச்சதில்ல."

இடுப்பு

ஒரு போல்டை உருவினேன். தலை கெட்டி, நட்டு கெட்டி. மரமும் இரும்பும் சேருகிற நடு இடத்தில் மட்டும் கடல்தண்ணீர் தின்று, என் சுண்டுவிரலில் பாதிகூட மிஞ்சவில்லை. ஏழையும் மாற்ற வேண்டும், நட்டுக்கு அடியில் அகலமாக இரும்புத் தகடு கொடுத்துப் பலகையையும் பலப்படுத்த வேண்டும் என்றேன். சவாரிக்கு ஒரு பெரிய துரை வரப்போகிறார், அவ்வளவுக்கு நாள் இல்லை என்றார் காரியஸ்தர். மூன்றை மாற்றலாம். மற்ற நாலுக்கும் நட்டின் மேல் சிவப்புப் பெயிண்ட். தகடு வேண்டாம், பார்வைக்கு நன்றாக இராது. நாலும் உள்ளே இற்றிருக்கும் என்று மறுபடி சொல்லிப் பார்த்தேன்.

"துரை தலையத்தான் பாப்பாரு, இடுப்பத் தடவியா பாப்பாரு?"

வேடிக்கை பார்த்தவர்

மூன்றாவது போல்டை முடுக்கிக்கொண்டிருந்தபோது கண்மாய்ப் பாசனத்து விவசாயி பெரியகருப்பன் வந்து பக்கத்தில் குந்தினார். மார்கழி மாதம், நெல் பால்பிடிக்கிற நேரம். மடையோ அடைத்துக் கிடந்தது. படகின் அடிக்கட்டை தரை தட்டாமல் இருக்க மார்பளவுத் தண்ணீராவது நிற்க வேண்டுமாம். மூன்று தடவை ஜமீன் வாசலுக்குப் போனாராம். துரை போனபிறகு வா என்று பதில்.

நட்டுகளை இளக்கியே விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று மெதுவாகக் கேட்டார். ஆள் செத்தால் பாவம், என்னால் முடியாது என்றேன். அவர் கோபப்படவில்லை.

"நீங்க முடுக்குங்கண்ணே. முங்கிச் செத்தா ஊரே ஓடியாரும், காஞ்சு செத்தா ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டாக."

சவாரி

துரை வந்தார். குனிந்து சிவப்பு நட்டுகளைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். நான் ஜமீன்தாரிடமே நேராகப் போய், நாலு போல்டு இற்றது, காற்று பலமாக இருக்கிறது, இன்று வேண்டாம் என்றேன். அவர் காரியஸ்தரைப் பார்த்தார். வேலையை இழுத்தடிக்கப் பார்க்கிறேன் என்று காரியஸ்தர் விளக்கினார். மூவரும் ஏறினார்கள்.

வாடைக்காற்று பாயை ஊதித் தள்ளியது. நடுக் கண்மாயில் ஒரு சேற்று மேடு. அடிக்கட்டை அதில் போய்க் குத்தியதும் கரைவரை கேட்டது சத்தம். பழைய நாலும் ஒடிய, மொத்தப் பாரமும் புது மூன்றின் மேல் விழ, தகடு இல்லாத பலகை பிய்ந்தது. இரும்பு சேற்றிலேயே தங்கிவிட்டது, கனம் போன படகு குப்புறக் கவிழ்ந்தது. நல்லவேளை, மேட்டில் இடுப்பளவுதான் ஆழம். துரை சிரித்துக்கொண்டே நடந்து வந்தார். ஜமீன்தார் சிரிக்காமல் வந்தார். கடைசியாகக் கரையேறிய காரியஸ்தர் நேரே என்னிடம் வந்தார்.

"ஒன்னோட மூணும்தான் பலகையவே பிச்சிருக்கு. பழசு நாலும் மரியாதையா ஒடஞ்சிருச்சு."

தர்மம்

துரைக்குப் படகு பிடித்துப்போயிற்று, பழுது பார்த்தால் மறுபடி வருவதாகச் சொல்லிப் போனார். அதனால் இரும்பை எடுக்க வேண்டும். ஆட்கள் முங்கிப் பார்த்தார்கள், அசையவில்லை. என்னைக் கேட்டார்கள். தண்ணீர் நிற்கும்வரை எந்தக் கொம்பனாலும் முடியாது, வற்றவிட்டு மாடு பூட்டித்தான் இழுக்க வேண்டும் என்றேன். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன்.

மறுநாளே மடை திறந்தது. பெரியகருப்பன் வயல் பிழைத்தது. கடைசியில் இருந்த வயல்களுக்குத் தண்ணீர் எட்டியபோது பாதிப் பயிர் கருகியிருந்தது. கரைமேல் நின்ற ஜமீன்தார், மண்வெட்டியோடு ஓடுகிற குடியானவர்களைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்:

"குடிக கஷ்டம் பொறுக்காமத்தான் மடையத் தெறக்கச் சொன்னேன்."

இந்தக் கையால் எத்தனையோ வேலை பார்த்திருக்கிறேன். ஊருக்கு உபயோகப்பட்டது என்று உறுதியாகச் சொல்லக்கூடியது, என்னைச் செய்யவிடாமல் தடுத்த அந்த நாலு போல்டு வேலைதான்.