தியோங்கேயின் காலிக் கட்டங்கள்

முவேரா வருகிறது என்று வானிலை ஆபீசிலிருந்து தகவல் வந்தபோது தியோங்கே பதறவில்லை. தெற்கிலிருந்து ஏரி நெடுகக் கிளம்பி வரும் அந்தக் காற்று, மே பிறந்துவிட்டால் எந்த மதியத்திலும் எழும்பும். எழும்பினால் தோணிகளைப் புரட்டிப் போடும். அதற்காகத்தானே எச்சரிக்கை அனுப்பும் இணையப் பக்கத்தை அவள் எழுதி வைத்திருந்தாள். சிந்தேச்சே மீனவர் சங்கத்தின் ஒற்றை லேப்டாப் முன் உட்கார்ந்து, தெற்குக் கரைகளைத் தேர்ந்தெடுத்து 'அனுப்பு' பொத்தானை அழுத்தினாள். அந்தக் கரைகளுக்கு டிக் அடித்துப் பதிந்திருந்தவர்களின் போன்களுக்குச் செய்தி பறந்தது. வேலை முடிந்ததென்று தேநீர் போட எழுந்தாள்.

முசூசு நகரில் கம்ப்யூட்டர் படித்தவள். படித்த கையோடு கல்யாணம், கல்யாணம் முறிந்த கையோடு கைக்குழந்தையுடன் ஊர் திரும்பல். சந்தையில் போன் ரிப்பேர் செய்துகொண்டிருந்தவளைச் சங்கம் கடிதம் அடிக்கக் கூப்பிட்டுக்கொண்டது. காற்று வருமுன்பே போனில் சொல்லலாமே என்று அவள் கூட்டத்தில் எழுந்து சொன்னபோது கரையே சிரித்தது. "காத்து உன் கம்ப்யூட்டர கேட்டுட்டா கெளம்பும்?" என்றார்கள். சிரிக்காதவன் அவள் அண்ணன் அக்கிம் மட்டும்தான். முதல் ஆளாகப் பெயர் கொடுத்தான். தான் வலை போடும் கரைகளுக்கெல்லாம் டிக் அடிக்கச் சொன்னான். பிறகு மற்றவர்களைக் கையைப் பிடித்து இழுத்து வந்ததும் அவன்தான்.

தண்ணீர் கொதிக்கும் முன்பே போன் அடித்தது. அக்கிமின் மனைவி நியாமாண்டா, கரையிலிருந்து.

"ஏய் தியோங்கே, காத்து வருதாமே? பக்கத்து வீட்டுக்காரன் தோணியத் திருப்பிட்டு வந்துட்டான்."

"ஆமா அண்ணி, இப்பதான் அனுப்பினேன். அண்ணனுக்கும் போயிருக்குமே."

"எங்க போயிருக்கு? இப்ப கூப்பிட்டேன், அப்படி ஒண்ணும் வரலன்னாரு. பேசிட்டு இருக்கும்போதே லைன் போச்சு. அப்புறம் கிடைக்கவே இல்ல. உசிப்பா மீன் கூட்டம் பாத்தேன்னு உள்ள போய்ட்டு இருக்காரு."

தியோங்கே அடுப்பை அணைக்கவில்லை. ஓடிப்போய் அண்ணனின் பதிவைத் தேடினாள். பெயர் சரி. நம்பரும் புதிய நம்பர்தான். கரைகள் என்ற இடத்தில் ஒன்றுகூட இல்லை. அவன் சொல்லச் சொல்ல டிக் அடித்தவளே அவள்தான்.

 தன் பெயரைத் தேடினாள். சோதித்துப் பார்ப்பதற்காகத் தன்னையும் பதிந்து வைத்திருந்தாள். டேட்டாபேஸில் அவளுடைய கரைகள் பத்திரமாக இருந்தன. ஆனால் 'திருத்து' பக்கத்தைத் திறந்ததும் பெயர் வந்தது, நம்பர் வந்தது, கரைகளுக்கான கட்டங்கள் அத்தனையும் காலியாக நின்றன. பெயரையும் நம்பரையும் எடுத்து வந்து காட்ட எழுதியவள், டிக்குகளை எடுத்து வந்து காட்ட எழுதவே இல்லை. புதிதாகப் பதிவதைத்தான் திரும்பத் திரும்பச் சோதித்திருந்தாள். பதிந்ததை மறுபடி திறந்து பார்த்ததில்லை.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. டிக் இல்லாத கட்டத்தைப் பற்றி பிரவுசர் வாயே திறக்காது. டிக் அடித்ததை மட்டும்தான் அனுப்பும். அவள் எழுதிய நிரலோ, 'சேமி' என்றதும் பழைய கரைகளையெல்லாம் அழித்துவிட்டு, வந்ததை எழுதிக்கொள்ளும். ஒன்றும் வராவிட்டால் ஒன்றும் எழுதாது. ஆக, யார் நம்பரை மாற்றினாலும் அவருடைய கரைகள் சத்தமில்லாமல் போய்விடும். இரண்டு மாதமாகக் காற்று அடங்கிக் கிடந்தது, எச்சரிக்கை அனுப்பும் தேவையே வரவில்லை. அந்த இடைவெளியில்தான் சந்தையில் புது சிம் மலிவாக வந்து, பாதிக் கரை நம்பரை மாற்றியிருந்தது.

செயலாளர் கொண்ட்வெரானி உள்ளே வந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்னம்மா?"

சொன்னாள். அவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நம்பர் மாத்தினது பூரா நான்தானே. வரிசையா நின்னாங்க, ஒவ்வொருத்தரா மாத்திக் குடுத்தேன். கட்டம் காலியா இருக்கேன்னு பாத்தேன். அது புதுசா கேட்குதுபோல, வேணாட்டி விட்டுடலாம்னு நெனச்சேன்."

"நீங்க நம்பரதான் மாத்தினீங்க சார். அழிச்சது நான்."

அழிந்தவர்கள் எந்தெந்தக் கரைக்காரர்கள் என்று இப்போது கண்டுபிடிக்க வழியில்லை. அவள் டிக்கைப் பார்க்காமல் பதிவில் உள்ள எல்லா நம்பருக்கும் அனுப்பும்படி வரிகளை மாற்றத் தொடங்கினாள். செயலாளர் எழுந்து வந்தார்.

"எல்லாருக்குமா? வடக்க காத்தே இல்லம்மா. போன வருஷம் ரேடியோல தப்பா சொல்லி, அவங்க மீன விட்டுட்டுக் கரையேறி வந்தது ஞாபகம் இருக்கா? நாளைக்கு இங்க வந்து கத்துவாங்க."

"கத்தட்டும் சார். கத்துறதுக்கு ஆள் இருக்கணும்ல?"

 அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அடித்து, மூன்றாவது தடவை அனுப்பினாள். அடுத்த நிமிஷம் செயலாளரின் பையில் போன் சிணுங்கியது. அவருக்கும் அப்போதுதான் வந்தது. அவரும் நம்பர் மாற்றியிருந்தார்.

கரைக்கு ஓடினாள். தெற்கே தண்ணீரின் நிறம் மாறியிருந்தது. ஈய நிறக் கோடு ஒன்று அகலமாகிக்கொண்டே வந்தது. தோணிகள் ஒவ்வொன்றாக மணலில் ஏறின. இறங்கியவர்களைப் பிடித்துக் கேட்டாள். அக்கிமைப் பார்த்தீங்களா? பார்த்தோம், இன்னும் உள்ளே இருந்தான். செய்தி வந்ததா? சிலருக்கு முன்பே வந்தது, சிலருக்கு இப்போதுதான். நியாமாண்டா துணியை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்த்து நின்றாள். தியோங்கே பக்கத்தில் போய் நின்றாள். என்ன நடந்தது என்று அண்ணியிடம் சொல்ல வாய் வரவில்லை.

காற்று வந்து அடித்தபோது மணல் கண்ணில் இறைந்தது. மீன் காயவைக்கும் பந்தல் ஒன்று சரிந்தது. அதற்குப் பிறகு எந்தத் தோணியும் வரவில்லை.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் யாரோ கத்தினார்கள். அலைகளுக்கு நடுவே ஒரு தோணி எழுந்தும் மறைந்தும் வந்துகொண்டிருந்தது. ஆட்கள் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி இழுத்தார்கள். அக்கிம்தான். ஆனால் தோணியில் இருக்க வேண்டியதைவிடக் கூடுதலாக ஆட்கள் இருந்தார்கள். இன்னொரு தோணிக்காரன் யோதாமுவும் அவன் தம்பியும், குளிரில் பற்கள் அடித்துக்கொள்ள, தோணியின் அடியில் சுருண்டு கிடந்தார்கள். அவர்கள் தோணி கவிழ்ந்துவிட்டது. வலை, விளக்கு எல்லாம் ஏரியோடு போயிற்று.

நியாமாண்டா புருஷனின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்துவிட்டு அழுதாள். அக்கிம் தங்கையைப் பார்த்தான்.

"செய்தி வந்துச்சு. காத்தப் பாத்துத் திரும்பும்போதுதான் வந்துச்சு. ஏன் தியோங்கே?"

அங்கேயே, மணலில் நின்று, நடந்ததைச் சொன்னாள். அவன் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதைக் கையால் வழித்துவிட்டான்.

"எனக்குச் சொன்னா பத்தாது," என்றான் கடைசியில். "நான் கூட்டிட்டு வந்த ஆளுங்க இவங்க. எல்லாருக்கும் சொல்லு."

மறுநாள் அவள் நிரலைத் திருத்தினாள். இப்போது திருத்து பக்கம் திறந்தால், ஒருவர் தேர்ந்தெடுத்திருந்த கரைகளை டேட்டாபேஸிலிருந்து எடுத்து, அந்தந்தக் கட்டத்தில் டிக்கோடு காட்டும். ஒரு கரைகூட இல்லாமல் சேமிக்கப் போனால், 'எச்சரிக்கையே வேண்டாமா?' என்று கேட்டு நிற்கும். வேலை அரை நாளில் முடிந்தது. அழிந்த டிக்குகளைத் திருப்பிக் கொண்டுவர மட்டும் எந்த நிரலாலும் முடியவில்லை. பழைய நகல் எதுவும் அவள் எடுத்து வைத்திருக்கவில்லை.

அதனால் லேப்டாப்பை முதுகில் மாட்டிக்கொண்டு கரை கரையாக நடந்தாள். துகோம்போ கரையில் வலை பின்னுகிறவர்கள் நடுவே நின்று, தப்பு தன்னுடையது என்றாள். உசிசியாவில் வடக்குக்காரர்கள் செயலாளர் சொன்னபடியே கத்தினார்கள். கத்தி முடித்துவிட்டுக் கொண்டோவோலே என்னும் மரவள்ளிக் களியும் மீனும் தந்து உட்கார வைத்தார்கள். யோதாமு மட்டும் வீட்டுக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. அவன் மனைவி வாசலில் நின்று, "அவருக்கு உங்க செய்தி வேணாமாம். ரேடியோ போதும்னாரு," என்றாள். தியோங்கே தலையாட்டிவிட்டு வந்தாள். சங்கம் அவனுக்குப் பழைய தோணி ஒன்றைக் கொடுத்தது. அதற்கப்புறமும் அவன் அவளோடு பேசவில்லை.

அக்கிமைக் கடைசியாகத்தான் பதிந்தாள். பழைய கரைகளைச் சொன்னான், அடித்தாள், சேமித்தாள்.

"மூடு," என்றான். "மறுபடி திற."

திறந்தாள். கட்டங்களில் டிக்குகள் நின்றன. அவன் குனிந்து, ஈரம் காயாத விரலால் திரையைத் தொட்டு, ஒவ்வொரு கரையின் பெயராக வாய்விட்டுப் படித்தான்.

"இப்ப நம்பர மாத்திப் பாரு."

"எதுக்குண்ணா, நான்தான் பாத்துட்டேனே."

"நான் பாக்கல."

அவள் ஒரு எண்ணை மாற்றிச் சேமித்து, திரும்பத் திறந்து காட்டினாள். டிக்குகள் அப்படியே இருந்தன. சரி, பழைய எண்ணையே போட்டுவிடு என்று சொல்லிவிட்டு, வலையைத் தோளில் போட்டுக்கொண்டு அக்கிம் தண்ணீரைப் பார்த்து நடந்தான்.