மோப்பக்காரி வெறுங்கையோடு வந்ததில்லை

ஊர் அவளுக்கு வைத்த பெயர் மோப்பக்காரி. நேரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, முதுகுக்குப் பின்னால் கூப்பிடாதவர்களும் இல்லை. அது அவள் காதுக்கு எட்டாமலும் இல்லை. கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேரை அவள் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறாள், அதனால் பேர் பொருத்தம்தான் என்று விட்டுவிட்டாள்.

ஊரை ஒட்டிய மேட்டில் ஒரு ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. ஆராய்ச்சிக்காரர்கள் அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் கண்ணுக்குப் பட்டதைச் சொல்கிறவர்கள், அவர்களுக்கு அது சட்டி. விளையாட்டுத் திடல் அகலத்துக்கு வானத்தைப் பார்த்து வாய் திறந்து கிடக்கும் சட்டி. வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளைக் கேட்பது அதன் வேலை. அதிலும் ஒரு பங்கு நேரம் ஒரே ஒரு கேள்விக்கு ஒதுக்கியது. எங்கோ ஒரு நட்சத்திரத்தைச் சுற்றிவரும் ஏதோ ஒரு உருண்டையில் நம்மைப் போல யோசிக்கிற யாராவது இருக்கிறார்களா, இருந்தால் ஏதாவது பேசுகிறார்களா?

சட்டிக்குப் பாம்புக் காது. செல்போன், மைக்ரோவேவ் அடுப்பு, ரிமோட் வைத்த பொம்மை எது பக்கத்தில் இருந்தாலும் அதன் காதில் இரைச்சல்தான். அதனால் இந்த ஊரில் அவை எதுவும் கூடாது. சட்டியைக் கட்டும்போதே ஊர் ஒத்துக்கொண்ட ஏற்பாடு அது, பதிலுக்கு நல்ல சாலையும் ஆஸ்பத்திரியும் வேலையும் கிடைத்தன. ஆனால் கூடாது என்று சொன்ன பிறகு ஒரு பொருளின் மேல் வருகிற ஆசை இருக்கிறதே, அதற்கு எந்த ஊரும் விலக்கில்லை. யாராவது எதையாவது ஒளித்து வைத்திருப்பார்கள். சட்டியில் சந்தேகமாக ஒரு சத்தம் விழும். உடனே மேட்டிலிருந்து மோப்பக்காரிக்கு ஆள் வரும்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் அவள் டேப் ரிக்கார்டரும் ரேடியோவும் பழுது பார்க்கும் கடையில் இருந்தாள். கரகரப்பை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவாள். அந்தக் காதுக்காகத்தான் வேலை கொடுத்தார்கள். பழைய டீசல் வேன் ஒன்று, அதன் கூரையில் ஒரு ஆன்டெனா, கையில் பிடிக்க இன்னொன்று, காதில் ஹெட்போன். இவ்வளவுதான் அவள் ஆயுதம். தெரு தெருவாகப் போவாள், சத்தம் கூடுகிற பக்கம் திரும்புவாள், கடைசியில் ஒரு கதவைத் தட்டுவாள். பேக்கரிக்காரர் மாவு மூட்டைக்குப் பின்னால் வைத்திருந்த மைக்ரோவேவ் அப்படித்தான் போயிற்று. அதிலிருந்து அவர் இவளோடு பேசுவதில்லை. ஒருமுறை சத்தம் ஓர் இடத்தில் நிற்காமல் ஊரெல்லாம் அலைந்தது. வேறு உலகத்து விண்கலமே வந்துவிட்டது என்று மேட்டில் ஒரே பரபரப்பு. இவள் வேனைப் போட்டுக்கொண்டு துரத்தினாள். சந்து முனையில் மடக்கியபோது விண்கலம் வாலாட்டியது. நாய் காணாமல் போகாமலிருக்க யாரோ கழுத்தில் கருவி கட்டிவிட்டிருந்தார்கள்.

பிடித்ததைக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்து அவள் சொல்வது ஒரே வார்த்தை.

"நம்மாளுதான்."

ஆராய்ச்சிக்காரர்கள் முகம் தொங்கிப் போகும். இவள் தலை நிமிர்ந்து திரும்புவாள். போன காரியத்தில் ஒருமுறைகூட வெறுங்கையோடு வந்ததில்லை என்பது அவள் பெருமை, அதை அவள் மறைத்ததுமில்லை. மறைத்தது வேறொன்று. ஒரே ஒரு தடவை, ஊரையே சலித்துத் தேடியும் ஒன்றும் கிடைக்காமல் திரும்பி வரவேண்டும் என்று அவளுக்கு ஓர் ஆசை உண்டு. அது கணவருக்கு மட்டும் தெரியும்.

கணவரும் சட்டியின் ஆள்தான். வேலையில் இருந்த காலமெல்லாம் அதன் பல்சக்கரங்களுக்கு கிரீஸ் போட்டவர், பெயரே கிரீஸ்காரர் என்று ஆகிவிட்டது. ஏணி ஏறி ஏறி முழங்கால் இரண்டும் தேய்ந்து ஓய்வு பெற்று, இப்போது ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து சட்டி திரும்புவதைப் பார்ப்பதே பொழுதுபோக்கு. நல்லபடி திரும்பினால் நான் போட்ட கிரீஸ் என்பார், முனகினால் புதுசா வந்தவன் சரியில்லை என்பார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த விசில் வந்தது.

மெல்லிய, நேரான, கோடு போட்டது போன்ற ஒலி. சட்டியை ஒரு குறிப்பிட்ட நட்சத்திரத்தின் பக்கம் திருப்பினால் கேட்டது. வேறு பக்கம் திருப்பினால் நின்றது. மறுபடி திருப்பினால் மறுபடி கேட்டது. நட்சத்திரம் தினமும் முந்தின நாளைவிடக் கொஞ்சம் முன்னதாக உதிக்கும், அதற்கேற்ப விசிலும் தினமும் கொஞ்சம் முன்னதாக வந்தது. பூமியில் இருக்கிற பொருள் கடிகாரத்தைப் பார்த்து நடக்கும், இல்லையென்றால் மனிதர்களைப் பார்த்து நடக்கும். நட்சத்திரத்தைப் பார்த்து எது நடக்கும்? விசிலை முதலில் கண்ட ஆராய்ச்சிப் பெண் சாப்பாட்டையே மறந்திருந்தாள்.

இயக்குநர் மோப்பக்காரியைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். வழக்கமாக அவர் நிற்க வைத்தே பேசி முடிக்கிறவர்.

"நாளைக்கு சாயங்காலம் உலகத்துல இருக்கிற மத்த தொலைநோக்கிக்காரங்களுக்கெல்லாம் சொல்லிடலாம்னு இருக்கோம். அதுக்கு முன்னால நீங்க ஒரு தடவை நல்லா தேடிப் பாத்துடுங்க."

"கெடைக்கலைன்னா?"

"கெடைக்கலைன்னாதான் சொல்லப்போறோம்."

அன்றைக்கு ஊரின் வடபாதி முழுவதும் அலைந்தாள். ஹெட்போனில் விசில் எங்கோ தூரத்தில் கேட்டது, எந்தப் பக்கம் திரும்பினாலும் கூடவில்லை. ஒரு வீடும் சந்தேகப்படும்படி இல்லை. திரும்பி வரும்போது அவள் கை ஸ்டீயரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. கிடைக்காமலே போய்விடுமோ என்று நினைக்கும்போதே நெஞ்சு பூரித்தது.

மறுநாள் மதியம் தென்பாதி. சட்டி மெதுவாக அந்த நட்சத்திரத்தின் பக்கம் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் விசில் வந்தது. வேனை உருட்டினாள், விசில் கூடியது. வழக்கமாக இந்த இடத்தில் அவளுக்கு மூக்கில் வேர்க்கும், குஷி பிறக்கும். இன்றைக்குக் குறைந்துவிடாதா என்று வேனை இன்னும் மெதுவாக்கினாள். இன்னும் கூடியது. தன் தெருவுக்குள்ளேயே நுழைந்தபோது காதைத் துளைத்தது. எதிர்வீட்டு முடிதிருத்துகிறவர்தான் புதிதாக ஏதோ மெஷின் வாங்கியிருக்கிறார் என்று நிச்சயம் செய்துகொண்டு இறங்கினாள். கை ஆன்டெனாவை அவர் வாசலுக்கு நீட்டினால் சத்தம் குறைந்தது. திரும்பினாள், கூடியது. அவள் வீட்டுக் கதவு.

கதவைத் தட்டவேண்டிய அவசியம் முதல் முறையாக இல்லாமல் போயிற்று.

ஜன்னலோரம் கிரீஸ்காரர். மடியில் போர்வை. அவளைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னங்க அது போர்வைக்குள்ள?"

"ஒண்ணுமில்ல. குளிருது."

போர்வையை விலக்கினாள். முழங்காலைச் சுற்றி ஒரு பட்டை, நடுவில் சின்னதாக ஒரு பச்சை விளக்கு, நாற்காலிக் கையில் ஒரு ரிமோட். போனமுறை வந்தபோது மகள் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். கட்டிக்கொண்டால் முட்டிக்குச் சூடு கொடுக்குமாம்.

"எப்பெல்லாம் போடுவீங்க?"

"சட்டி இந்தப் பக்கம் திரும்புறப்ப மட்டும்தான்மா. அப்பத்தான் நான் கிரீஸ் போட்ட சக்கரமெல்லாம் ஜன்னல்ல நேரா தெரியும். உக்காந்து பாப்பேன். ரொம்ப நேரம் உக்காந்தா முட்டி வலிக்குது. அதுல சார்ஜ் நிக்க மாட்டேங்குது, அதனால சட்டி அந்தாண்ட போனதும் அணைச்சுடுவேன்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேட்டில் சட்டி வேறு பக்கம் திரும்பியது. பழக்க தோஷம், அவர் விரல் தானாக ரிமோட்டை அமுக்கியது. ஹெட்போனில் விசில் நின்றது.

மோப்பக்காரி தரையில் உட்கார்ந்துவிட்டாள். நட்சத்திரத்தைப் பார்த்து நடக்கிற பொருள் பூமியில் ஒன்று இருந்தது. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாக, அதற்குத் தினமும் சோறு போட்டுக்கொண்டே ஊரெல்லாம் தேடியிருக்கிறாள்.

"இது கூடாதுன்னு தெரியுமில்ல உங்களுக்கு?"

"தெரியும்." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இத உடைச்சுப் போட்டுடலாம். இனிமே அந்தச் சத்தமே வராது. நீ கெடைக்கலைன்னு சொல்லிடு. நீ ஆசப்பட்டதுதான அது? நம்ம வீட்டு மானமும் போகாது" என்றார்.

அவர் சொன்னபடி செய்தால் அப்படியே நடந்துவிடும் என்பதுதான் கொடுமை. பட்டையைச் சுத்தியலால் ஒரு போடு போட்டால் முடிந்தது. ஒருநாள் யாரோ கூப்பிட்டார்கள், பிறகு கூப்பிடவில்லை என்று உலகம் காலாகாலத்துக்கும் சொல்லிக்கொண்டிருக்கும். பேக்கரிக்காரர் வாயைத் திறக்க வழியிருக்காது. அவள் ஆசைப்பட்ட வெறுங்கை அவளுக்குக் கிடைத்துவிடும். அவர் காலிலிருந்து பட்டையைக் கழற்றிக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டே இருந்தாள். அது இன்னும் சூடாக இருந்தது.

"உடைச்சுட்டு நான் எங்க போயி மூஞ்சிய வெச்சுக்கறது?" என்றாள் கடைசியில். "நாய்க்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயமா? எந்திரிங்க. வேன்ல ஏறுங்க."

மேட்டில் எல்லோரும் கூட்ட அறையில் காத்திருந்தார்கள். மோப்பக்காரி உள்ளே வந்து பட்டையை மேஜைமேல் வைத்தாள். பின்னால் தடியை ஊன்றிக்கொண்டு கிரீஸ்காரர்.

"நம்மாளுதான்."

"எந்த வீடு?" என்று கேட்டார் இயக்குநர்.

"எங்க வீடு சார். எங்க வீட்டுக்காரர். பேக்கரிக்கு என்ன செஞ்சீங்களோ அதையே எங்களுக்கும் செய்ங்க."

கிரீஸ்காரர் தான் எப்போது போடுவேன், எப்போது அணைப்பேன் என்பதைச் சொல்லி முடித்தார். ஆராய்ச்சிப் பெண் மெதுவாகக் கேட்டாள். "ஐயா, சட்டி திரும்பினதும் சத்தம் உடனே வராது. கொஞ்சம் தாமதமா வரும். அதுக்கு நான் பெரிய விளக்கமே எழுதி வெச்சிருக்கேன். அது ஏன்?"

"பட்டையக் கட்டணுமில்லம்மா" என்றார் அவர். "குனிய முடியல."

முதலில் சிரித்தது இயக்குநர்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ஆராய்ச்சிப் பெண் மட்டும் சிரித்து முடித்ததும் அழுதாள். அவளைப் பார்க்க மோப்பக்காரிக்குத் தாங்கவில்லை.

"உன் ஆசைய ஒவ்வொரு தடவையும் நான்தான் கெடுக்கிறேன், இல்லம்மா?"

"இல்லக்கா." அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேஜையிலிருந்த தாளை எடுத்தாள். அன்று மாலை உலகத்துக்கு அனுப்பவிருந்த அறிவிப்பு அது. "முதல் வரியப் படிக்கிறேன், கேளுங்க. 'இந்த ஒலி பூமியைச் சேர்ந்ததா என்று எங்கள் தேடுநர் தேடினார், கிடைக்கவில்லை.' இதுக்கு அப்புறம்தான் நட்சத்திரம், கணக்கு, எங்க பேரெல்லாம். இந்த வரி பொய்யா இருந்தா கீழ இருக்கிற எதுவுமே நிக்காதுக்கா."

மோப்பக்காரி தாளை வாங்கி அந்த வரியைத் தானே ஒருமுறை படித்தாள். வேற்றுலகத்தில் ஆள் உண்டா என்ற கேள்விக்கு உண்டு என்று பதில் வருகிற நாளில், அந்தப் பதில் தன் வாய் வழியாகத்தான் வெளியே போகவேண்டும் என்று இத்தனை வருஷத்தில் அவளுக்குத் தோன்றியதே இல்லை. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் வேனை மெதுவாகத்தான் ஓட்டினாள், யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்பது போல.

ஊருக்குச் செய்தி போக அதிக நேரமாகவில்லை. கேலிக்குத் தயாராக மறுநாள் காலை கதவைத் திறந்தால் வாசலில் பேக்கரிக்காரர் நின்றார். கையில் ஒரு பெட்டி.

"இன்னொரு அடுப்பு" என்றார். "சின்னது. நீங்களே வர்றதுக்குள்ள நானே கொண்டாந்துட்டேன். சொந்த வீட்டுக்காரரையே விடாதவங்க என்னைய விட்டுடவா போறீங்க?"

அவருக்குப் பின்னால் முடிதிருத்துகிறவரும் எதையோ துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு நின்றார்.

அன்று மதியம் கிரீஸ்காரர் முழங்காலில் வெந்நீர்ப் பை. சட்டி நட்சத்திரத்தின் பக்கம் திரும்பியது. இருவரும் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தார்கள்.

"நீ மட்டும் கெடைக்கலைன்னு சொல்லியிருந்தா என்னம்மா ஆயிருக்கும்?"

"உலகமே ஒண்ணா சேந்து உங்க முட்டிக்குப் பதில் அனுப்பியிருக்கும்."

அவர் வெந்நீர்ப் பை நழுவும்வரை சிரித்தார். பிறகு, "நெஜமாவே அங்க யாராச்சும் இருப்பாங்களா?" என்று கேட்டார்.

"இருக்காங்களோ இல்லையோ, எனக்குத் தெரியாது. கூப்பிட்டா மட்டும் அது உங்க முட்டியில்லைன்னு அடிச்சுச் சொல்ல இங்க ஒருத்தி இருக்கா."

வாசலில் மேட்டு ஆள் சைக்கிள் மணியை அடித்தான். வேறொரு நட்சத்திரத்தின் பக்கம் வேறொரு சத்தமாம். அவள் ஹெட்போனை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேன் சாவியைத் தேடினாள். சாவியை எடுத்து நீட்டிய கணவர் அவள் கையைக் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்துக்கொண்டார்.

"போயிட்டு வெறுங்கையோட வா" என்றார்.