ஒரே சிடியில் அருவி

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, தென்காசியில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோ ஒன்றில் வேலை பார்த்தார். இரண்டு சிடியில் வரும் படத்தை ஒரே சிடியில் அடக்கிவிடுவார் என்று அவருக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை ஊருக்குள் பரப்பியவரும் அவர்தான்.

அப்பா ராணுவத்தில் இருந்தார். அவர் எல்லைக்குப் போன பிறகுதான் என் தம்பி பிறந்தான். அதனால் பெற்ற பிள்ளையின் முகத்தை அவர் பார்த்ததில்லை, போனை நீட்டினால் தம்பி வாயே திறக்க மாட்டான் என்பதால் குரலையும் கேட்டதில்லை. கீழப்பாவூரைச் சேர்ந்த அப்பாவின் நண்பர் விடுமுறை முடிந்து அதே முகாமுக்குத் திரும்ப இருந்தார். அவரிடம் ஒரு சிடி கொடுத்தனுப்ப முடிவானது. முகாமில் இருப்பது ஒரே டிவி, ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு ஒரு சிடிதான் போடலாம் என்று அப்பா போனில் சொல்லியிருந்தார். “ஒரே சிடி தானக்கா? எங்கிட்ட விடு” என்று மாமா நெஞ்சை நிமிர்த்தினார்.

தம்பி தவழ்வது, ஆய்க்குடி கோயிலில் அவனுக்கு மொட்டை போட்டது, நான் ஆடிய டான்ஸ் எல்லாவற்றையும் மாமா எடுத்தார். சாரல் காலமாக இருந்ததால் கடைசியாகக் குற்றாலத்துக்கும் போனோம். பெண்கள் குளிக்கும் பக்கம் கேமராவைக் கொண்டுபோகக் கூடாது என்பதால் தள்ளியே நின்றோம். அம்மா குளித்து, உடை மாற்றி, தலையில் துண்டோடு வந்து தம்பியை வாங்கினாள். காற்றில் வந்த சாரல் அவன் முகத்தில் அடித்ததும் திணறிப்போய், பிறகு “ப்பா... ப்பா” என்று கத்தினான். அப்பாவைக் கூப்பிட்டானா, குளிரில் உதடு அடித்துக்கொண்டதா என்ற வழக்கு எங்கள் வீட்டில் இன்னும் தீரவில்லை. அம்மாவுக்கு மட்டும் அன்றைக்கே சந்தேகம் இல்லை. கேமராவைப் பார்த்ததும்தான் பதறினாள். “ஏலே, ஈரத்தலையோட எடுக்காத! நனைஞ்ச கோழி மாரி இருக்கேன்.”

மொட்டையும் தவழலும் டான்ஸும் சமர்த்தாகச் சிடிக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. முரண்டு பிடித்தது அருவிதான்.

“அசையாத படம்னா கொஞ்சூண்டு எடம் போதும்க்கா. அருவியில ஒவ்வொரு துளியும் ஆடுதுல்லா, எடத்தைப் பூரா அதுவே திங்குது” என்றார் மாமா. சத்தத்தை நன்றாக வைத்தால் படத்துக்கு இடமில்லை. அம்மாவின் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது, தம்பி சதுரமாகத் தெரிந்தான். படத்தை நன்றாக வைத்தால் சத்தம் செத்தது. குற்றால அருவி அப்பளம் பொரிவதைப்போல் கேட்டது, தம்பியின் “ப்பா” அதற்குள் எங்கேயோ அமுங்கிப்போனது. ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர் மணிக்கணக்கில் அரைத்தது. நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கீழப்பாவூர்க்காரருக்கோ அன்று சாயங்காலம் ரயில். அம்மா சமையலைக்கூட மறந்து மாமாவின் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றாள்.

“பிள்ளை சத்தம் கேக்கலன்னா இந்தச் சிடியே வேண்டாம்லே.”

கடைசியில் மாமா தோல்வியை ஒப்புக்கொள்ளும் முகத்தோடு ஒரு வழி சொன்னார். “அருவியை நிப்பாட்டிருவோம். ஒரே ஒரு படம் அசையாம நிக்கும். சத்தம் மட்டும் நல்லா ஓடும். எந்தப் படம்னு நீயே சொல்லு.”

அருவிக்கு முன்னால் நான் கைகளை விரித்து நிற்கும் படம்தான் சிறந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சத்தம் போட்டும் சொன்னேன். அம்மா என்னைக் கவனிக்கவே இல்லை. கொஞ்ச நேரம் தேடி, தலையில் துண்டும் இடுப்பில் தம்பியுமாக அவள் கேமராவை நேராகப் பார்க்கும் படத்தைக் காட்டினாள். நனைந்த கோழி என்று அவளே வைத படம்! எனக்கு அழுகை வந்துவிட்டது.

சிடி போய்ச் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா போன் செய்தார். நான்தான் முதலில் பிடுங்கிக்கொண்டேன்.

“நா டான்ஸ் ஆடுனதைப் பாத்தியளாப்பா?”

“பாத்தேன்ட்டி. தம்பி கூப்புட்டதையும் கேட்டேன்.” பிறகு சற்றுத் தயங்கினார். “அந்த அருவிப் படம் வந்துச்சா, அப்படியே நிக்கட்டும்னு விட்டுட்டேன். எல்லாரும் எந்திரிச்சு சாப்பிடப் போய்ட்டாங்க. நா மட்டும் போவல.”

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. போனை அம்மாவிடம் கொடுக்கும்போதே அறிவித்தேன்: “சிடி சிக்கிட்டாம்மா. அப்பா சாப்பிடக்கூடப் போவலையாம்.” அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

நான் நேரே மாமாவிடம் போய், அவர் போட்ட சிடியின் லட்சணத்தை எடுத்துச் சொன்னேன். தன் வேலையை யாராவது குறை சொன்னால் எரிந்து விழுகிறவர், அன்று சிரித்துக்கொண்டே என் தலையில் லேசாகத் தட்டினார். பெரியவர்களுக்குத் துளியும் பொறுப்பில்லை என்று எனக்குக் கோபமாக வந்தது. பாவம் அப்பா, சிக்காமல் ஓடுகிற பிளேயர் ஒன்றை அவருக்கு எப்படியாவது வாங்கி அனுப்பிவிட வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டேன்.