செகண்ட்ஸ் வரிசை

திருப்பூருக்கும் அவிநாசிக்கும் நடுவில் இருந்த எங்கள் உயர்நிலைப்பள்ளியில் ஐந்து வகுப்புகள், ஆறு அறைகள். மிச்சமிருந்த ஓர் அறையில் தலைமையாசிரியர் தம் லட்சியத்துடன் உட்கார்ந்திருந்தார். பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி என்பதுதான் அந்த லட்சியம். பக்கத்து ஊர்ப் பள்ளி முந்தைய வருடமே அதை வாங்கி, வாசலில் பெரிய பேனர் கட்டிவிட்டது. எங்கள் தலைமையாசிரியர் பைக்கில் வந்துபோகும் வழியில்தான் அந்தப் பேனர் இருந்தது. பாவம், தினமும் போகும்போதும் வரும்போதும் பார்க்க வேண்டியிருந்தது.

நான் பத்தாம் வகுப்புக்கு வந்த ஜூன் மாதம் அவருக்கு வழி பிறந்தது. வழி காட்டியவர் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர். பனியன் கம்பெனி முதலாளி. என் அப்பாவும் அம்மாவும் அவர் கம்பெனியில்தான் வேலை. பள்ளி திறந்த வாரம் வந்து எங்கள் முன்னால் பேசினார்.

"எங்க கம்பெனில தெச்ச எல்லாப் பீஸும் கப்பல் ஏறிராதுங்க. ஓட்டை, கறை இருக்கறத செக்கிங்லயே ஓரமா எடுத்து வெச்சிருவோம். அப்பறம் வெளிநாட்டுல இருந்து வாங்கற பையர் வந்து எதைத் தொட்டுப் பாத்தாலும் நல்ல பீஸுதான். நூத்துக்கு நூறு."

தலைமையாசிரியரின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பி.எட். படித்த காலத்தில் யாரும் அவருக்கு இதைச் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது.

அடுத்த வாரமே தலைவர் ஒரு பெட்டி அம்புக்குறி ஸ்டிக்கர் அனுப்பிவைத்தார். துணியில் எங்கே பழுது இருக்கிறதோ அங்கே செக்கிங் பெண்கள் ஒட்டும் சின்னச் சிவப்பு அம்பு. எங்கள் பரீட்சைத் தாள்களில் அதை ஒட்டத் தொடங்கினார்கள். என் கணக்குத் தாளில் நாலு திசைக்கும் அம்பு இருந்தது. காலாண்டுத் தேர்வு முடிந்ததும் அம்பு அதிகம் வாங்கிய ஏழெட்டுப் பேரைக் கடைசி வரிசைக்கு மாற்றினார்கள். அந்த வரிசைக்கு செகண்ட்ஸ் என்று பெயர் வந்தது. தமிழாசிரியர் மட்டும் இரண்டாம் தரம் என்றார். மொழிப்பற்று.

உண்மையில் எங்களுக்கு அந்தப் பெயரில் பெரிய வருத்தமில்லை. எங்கள் ஊரில் பாதிப்பேர் உடுத்துவதே செகண்ட்ஸ்தான். ஒரு புள்ளிக் கறைக்காகக் கப்பல் ஏறாத பனியனை நானே மூன்று வருடம் போட்டிருக்கிறேன், கிழியவே இல்லை.

என் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு மட்டும் அந்தப் பெயர் பிடிக்கவில்லை. அவள் குடும்பம் தேனிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தது. அவள் அம்மா வேறொரு கம்பெனியில் டெய்லர். கணக்கில் எப்போதும் என்னைவிட அவள்தான் மேலே. ஆங்கிலம்தான் அவளைக் கவிழ்த்தது. பத்தாவது பாஸ் பண்ணினால் பாலிடெக்னிக், இல்லையென்றால் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று துணி மடித்துக் கொடுக்கும் வேலை என்று வீட்டில் முன்பே பேசி முடித்திருந்தார்கள். அதனால் மத்தியானச் சோற்றைக்கூட ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிடுவாள். குழம்பு சிந்தாத பக்கம் அதில் கிடையாது.

அரையாண்டு முடிந்ததும் தலைமையாசிரியர் செக்கிங்கின் கடைசிக் கட்டத்துக்கு வந்தார். செகண்ட்ஸ் வரிசையின் பெற்றோரை அழைத்து, பிள்ளை தனித்தேர்வராக எழுதட்டும் என்று கடிதத்தில் கையெழுத்து வாங்கி, மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்துவிடுவது. தேர்வுக்குப் பெயர் அனுப்பும் கடைசி நாளுக்குள் முடித்துவிட வேண்டும். தனித்தேர்வராகப் போனவர்கள் யாரும் பிறகு தேர்வு எழுதியதாக எங்கள் ஊரில் பேச்சில்லை. கம்பெனி வாசலில் டிபன் பாக்ஸோடு பார்க்கலாம்.

பெற்றோர் கட்டாயம் வரவேண்டும் என்று வாட்ஸப்பில் செய்தி போனது. நான் பயந்துகொண்டே அம்மாவிடம் காட்டினேன்.

"ஷிப்மென்ட் டைம் கண்ணு. லீவு தரமாட்டாங்க. உங்க சார்கிட்டப் பக்குவமா சொல்லீரு" என்றார் அம்மா.

எல்லா வீட்டிலிருந்தும் இதே பதில். தலைமையாசிரியர் விடவில்லை, ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினார். அன்றைக்கும் ஷிப்ட் இருந்தது. கடைசியாக, பெயர் அனுப்ப வேண்டிய நாளுக்கு முந்தின நாள் கூட்டம் போட்டார். தலைவரே வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்தார். எங்களைச் சுவரோரம் நிற்க வைத்தார்கள். எதிரே போட்ட நாற்காலிகளில் ஒருவரும் இல்லை.

"பெத்த புள்ளைங்க படிப்பு மேல ஒரு அக்கறை வேண்டாமுங்களா சார்? ஒரு மணி நேரம் வந்துட்டுப் போக முடியாதுங்களா இந்த ஜனங்களுக்கு?" என்று தலைவர் வருத்தப்பட்டார்.

"ஆமாங்க தலைவரே" என்றார் தலைமையாசிரியர்.

அப்போது தலைவரின் போன் அடித்தது. கம்பெனி சூப்பர்வைசர். தலைவர் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்து பேசினார். "யாரு, ஸ்கூலுக்குப் போகோணுங்கறாங்களா? கண்டெய்னர் நிக்குது, ஒருத்தரையும் வெளிய உடாதீங்க. கேட்டைப் பூட்டுங்க."

போனை வைத்துவிட்டு வெறும் நாற்காலிகளைப் பார்த்து மறுபடி பெருமூச்சு விட்டார். தலைமையாசிரியரும் கூடவே பெருமூச்சு விட்டார். எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எங்கள் பெயர்கள் தப்பித்துவிட்டன என்று தோன்றியது.

அந்த நேரத்தில் என் பக்கத்தில் நின்றவளின் அம்மா உள்ளே வந்தார்.

உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. தலைமையாசிரியர் விளக்கினார். தனியாக எழுதினால் அவசரம் கிடையாது, நிதானமாகப் படித்து எழுதலாம், பிள்ளைக்குத்தான் நல்லது.

"படிச்சவுக நீங்க. பிள்ளைக்கு நல்லதுக்குத்தேன் சொல்லுவீக அய்யா" என்று பேனாவை வாங்கினார்.

"வேணாம்மா" என்றாள் இவள்.

"சும்மா இரு. வாத்தியார் முன்னாடி எதுத்துப் பேசாத."

கையெழுத்தாயிற்று. அந்த அறையில் இருந்த மேசை, நாற்காலி, பெரிய மனிதர்கள் எல்லாவற்றையும் தூக்கி வெளியே எறிய வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது. அவள் அழவில்லை. பையை எடுக்க வகுப்புக்குப் போய், ஆங்கிலப் புத்தகத்தை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

மற்ற எங்கள் பெயர்கள் தேர்வுக்குப் போய்ச் சேர்ந்தன. இனி எங்களைத் தள்ளிவிட முடியாது என்று ஆனபின் தலைமையாசிரியருக்குப் பாடம் நடத்துவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. காலையிலும் சாயங்காலமும் அவரே வந்து நடத்தினார். அவர் நன்றாகவே நடத்துவார் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. செகண்ட்ஸ் வரிசை முழுக்கப் பாஸ். நான் கணக்கில் தட்டுத்தடுமாறிக் கரையேறினேன். பள்ளி வாசலில் நூறு சதவீதம் என்று பேனர் ஏறியது. பக்கத்து ஊர்க்காரர்களுடையதைவிட இரண்டு மடங்கு பெரியது, அதில் பாதி இடம் தலைவர் படத்துக்கு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சந்தையில் நானும் அம்மாவும் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தோம். அவள் அம்மா எங்களைப் பார்த்துவிட்டு வந்தார். மகள் இப்போது தன்கூடவே கம்பெனிக்கு வருகிறாள் என்றார். என் கன்னத்தைத் தொட்டு, நல்லா இரு என்றார். பிறகு அம்மாவிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"உங்க பிள்ளையும் அதே வரிசைதான. வாத்தியார்கிட்ட நீங்க என்ன சொல்லிச் சமாளிச்சீக?"

"நாங்க எங்கீங்க அக்கா வந்தோம்?" என்றார் அம்மா. "லீவே குடுக்கலீங்க. கேட்டைப் பூட்டிட்டாங்க."

அவள் அம்மா கையில் எடுத்திருந்த தக்காளியைத் திரும்பக் குவியலில் வைத்தார்.

"எங்க கம்பெனியிலயும் குடுக்கலத்தா" என்றார். "காச்சல்னு பொய் சொல்லி, சூப்பர்வைசர் கால்ல விழாத குறையாக் கெஞ்சித்தேன் வந்தேன். வாத்தியாரு கூப்பிட்டாரேன்னு இருக்கறதுலயே நல்ல சேலையாக் கட்டிக்கிட்டு வந்தேன்."