பூனை சம்மதித்த மாலை

கொல்லம் 1109-ம் ஆண்டு ஆடிக் கடைசியில், மாதாவின் மோட்ச ஆரோபணத் திருநாளுக்கு முந்தின நாள் காலை ஏழு மணிக்குத் தக்கலையில் பஸ் ஏறினேன். குளச்சலுக்கு ஆறு மைல், பஸ் கூலி மூன்று சக்கரக் காசு. கையில் ஓலைக்குடை, மடியில் எங்கள் கோயில் மாதா சுரூபத்துக்கு மாலை அளவெடுத்த ஒரு நூல்.

போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரிக்குப் பிரசவ வேதனை நீண்டு, மருத்துவச்சியும் கையை விரித்தபோது, "தாயே, இவளைக் காப்பாற்றித் தந்தால் இந்தத் திருநாளில் உனக்கு வாடாத மாலை போடுகிறேன்" என்று வாய்விட்டு நேர்ந்துவிட்டேன். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பிறகுதான் யோசனை வந்தது. வாடாத மாலைக்கு எங்கே போவது? பொன்னுக்கு வழியில்லை. கடுதாசிப் பூவில் ஒன்று கட்டிவைத்தோம். ஆடிச் சாரலில் கூரை ஒழுகி, சாயம் வடிந்து கூழாகிவிட்டது. "தந்ததை மாதா திருப்பி எடுத்துருவாளா?" என்று அவள் பிள்ளையை இறுக்கிக்கொண்டு கேட்டாள். சமாதானம் சொன்னேனே தவிர, எனக்கும் அதே பயம்தான். சந்தையில் ஒரு கருவாட்டுக்காரர், குளச்சலில் லூசியம்மை என்றொருத்தி மீன் செதிளில் பூச் செய்வதாகச் சொன்னார். மீனா, மாதா கழுத்திலா என்று முதலில் கூசினேன். வேறு கதி இல்லை, புறப்பட்டுவிட்டேன்.

எட்டரை மணிக்குக் கடற்கரை. ஏலம் முடியும் நேரம். செதிள் சீவிய இடமெல்லாம் மணலில் வெள்ளிபோல் மினுங்கிக் கிடந்தது. காக்கைகூட அதைத் தொடவில்லை. அதில் குந்தியிருந்து, கட்டைவிரல் நகம் போன்ற விளமீன் செதிளை மட்டும் ஒருத்தி பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள்தான்.

"எக்கா, தக்கலையிலேர்ந்து வாறேன், நாளைக்குக் காலத்த பூசைக்கு மாலை வேணும்."

"நாளைக்கா? தக்கலைக்காரருக்கு மாதா நேத்தைக்குத்தான் பொறந்தாளோ?" என்றாள். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை விட்டுவிட்டு, "வாரும்" என்று எழுந்தாள்.

செதிளை உப்பிலும் சுண்ணாம்புத் தண்ணீரிலும் ஊறவைத்து, சாம்பல் போட்டு அலசி, நிழலில் உலர்த்தி, கத்தரியால் இதழாக நறுக்குகிறாள். நடுவில் ஒரு குட்டிச் சிப்பி. கிழிந்த வலையில் பிரித்த நூல்தான் நார். தகரப் பெட்டியில் இருந்த பூக்களைக் கொட்டினாள். வெளிச்சத்தில் பிடித்தால் முத்துப்போல் நிறம் மாறியது. என் நூலை வைத்து அளந்து, பத்து மணிக்குள் கோத்துவிட்டாள். நான் கை நீட்டினேன்.

"பொறும். பூனை பாக்கட்டும்."

மாலையைப் பாயில் வைத்து, அடுக்களையில் அடைத்திருந்த பூனையைத் திறந்துவிட்டாள். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அவள் புருஷன், "ஏட்டி, வயறு நெறஞ்ச பூனை என்னத்தைச் சொல்லும்?" என்றார்.

"ராத்திரி முதல் பட்டினி போட்டிருக்கேன். இன்னைக்கு அதுக்கும் ஒருசந்திதான்."

பூனை மாலையை நீளவாக்கில் முகர்ந்துகொண்டே வந்தது. கடைசியில் ஓரிடத்தில் நின்று நக்கியது.

"அது முந்தாநாள் அலசுனது. நாத்தம் போகல்ல" என்று அந்த இடத்துப் பூ அத்தனையையும் வெட்டியெடுத்தாள். மாலை நூலளவுக்கு ஒரு சாண் குறைந்துபோயிற்று. எடுத்ததை மறுபடி சாம்பலிலும் எலுமிச்சைச் சாற்றிலும் ஊறப்போட்டாள். வெயில் இல்லை, அடுப்போரம் சுளகில் பரப்பினாள். நான் ஜெபமாலையை எடுத்தேன். ஒருசந்தி நாளின் ஒருவேளைச் சாப்பாடு மத்தியானம் அங்கேயே, மரச்சீனிக் கிழங்கும் மீனும். சாப்பிட்ட கையைச் சாம்பல் போட்டுக் கழுவச் சொல்லி, அவளே முகர்ந்து பார்த்தாள்.

உலர்ந்த பூக்களைத் திரும்பக் கோத்ததும், மூன்று மணிக்கு மறுபடி பூனை. முகர்ந்தது, சுற்றி வந்தது. பிறகு மாலையை மறந்து அதன் பக்கத்திலேயே சுருண்டு படுத்துவிட்டது.

"கொண்டு போவும்" என்றாள். பதினான்கு சக்கரம் வாங்கிக்கொண்டாள்.

நாலு மணி பஸ்ஸின் கூரையில் மீன் கூடைகள். உள்ளே மீன் தண்ணீர் சொட்டியது. "ஓய், ஏறும்! மீன் ஒம்மைக் கடிக்குமா?" என்றார் டிரைவர். மாலையைக் குடைக்குள் அணைத்துக்கொண்டு, இரணியல் வழியாக ஆறு மைலும் நடந்தேன்.

மறுநாள் காலை, கோயில் காரியங்களைப் பார்க்கும் கோயில்பிள்ளை கேட்டார்: "இது என்ன பூ?"

கோயிலில் நின்று பொய் சொல்வேனா? மீன் செதிள் என்றேன். அவர் மூக்கருகே கொண்டுபோய் நெடுநேரம் முகர்ந்தார். என் மனைவி பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"ஒண்ணும் தெரியல்லியே" என்றார். பிறகு சிரித்தார். "தெரிஞ்சாத்தான் என்ன? மாதா மகனுக்குக் கூட்டாளிகளெல்லாம் மீன்காரங்கதானே!" ஏணியில் ஏறிப் போட்டுவிட்டார்.

எங்கள் ஊரில் வேண்டாததை வயலுக்கு எருவாகப் போடுவோம். குளச்சலில் ஒருத்தி அதைக் கழுவிக் கழுவி மாதா கழுத்துக்கு ஏற்றிவிட்டாள். பூசை முடிந்து திரும்பும் வழியில் என் வீட்டுக்காரி பிள்ளையை முதல்முறையாக என் கையில் தந்துவிட்டு, கைவீசி முன்னால் நடந்தாள்.