தண்டல் விட்டுவிட்ட பெயர்

அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய மகளின் வணக்கம். புகழ்ந்து மட்டும் எழுதச் சொன்னார்கள். எனக்கு அது வராது.

அப்பா நாகப்பட்டினத்தில் பிறந்தவர். அவருடைய தந்தையார் பாய்மரக் கப்பலில் தண்டல். தண்டுவது என்றால் திரட்டுவது. ஆட்களைத் திரட்டிப் பாய் ஏற்றவும் இறக்கவும் வேலை வாங்குகிறவரே தண்டல். கரை சேர்ந்ததும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி இறக்கிவிட்டு, கடைசியில்தான் அவர் இறங்குவார் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். இங்கே மலாயாவில், தஞ்சோங் டாவாய் மலாய்ப் படகோட்டிகளும் ‘தண்டில்’ என்றே சொல்கிறார்கள். கப்பலேறி வந்த அந்தச் சொல், கெடாத் தோட்டங்களில் ஆள் மேய்ப்பவருக்குப் பெயராகிவிட்டது. அப்பாவும் கப்பலேறி வந்து, கரங்கானுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் தண்டல் ஆனார். விடிந்ததும், ஆட்களை வரிசையில் நிறுத்தும் பெரட்டுக்களத்தில் பெயர் வாசிப்பார். ‘இருக்கேன்’ என்றவருக்குத்தான் அன்றைய வேலையும் அரிசியும்.

ஜப்பான்காரன் காலத்தில் நாங்கள் குடியிருந்த லயங்களில், அந்த வரிசை வீடுகளில், மரவள்ளிக்கிழங்கே சோறு. ஒருநாள் காலை களத்துக்கு லாரியும் சிப்பாய்களும் வந்தார்கள். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும், மூன்று மாத வேலை, வயிறார அரிசிச் சோறு என்றார்கள். அங்கே போனவர் திரும்புவதில்லை என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியார் முந்தின நாளே அப்பாவின் காதில் போட்டிருந்தார். ஆனாலும் துப்பாக்கிக்கு முன்னால் அப்பா பெயர் வாசித்தார். பதில் சொன்னவர்கள் லாரியில் ஏறினார்கள். தம் தம்பி, எங்கள் சித்தப்பா, அவருடைய பெயரை மட்டும் தாண்டிவிட்டார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நினைத்திருப்பார்.

சித்தப்பா பின்வரிசையிலிருந்து ஓடி வந்தாராம். பக்கத்தில் நின்ற அம்மா சொன்னது இது.

“அண்ணே, எம் பேர உட்டுட்டியே!”

“ஒனக்குக் காய்ச்சல்டா. லயத்துக்குப் போ.”

“காய்ச்சலா? நல்லாத்தானே இருக்கேன். பேரு இல்லாட்டி அரிசி கிடையாதுலா. வாசிண்ணே!”

சிப்பாய் லாரியைக் காட்டினான். சித்தப்பா சிரித்துக்கொண்டே ஏறினார்.

சண்டை முடிந்தபின் அப்பா சுங்கைப் பட்டாணி ரயிலடியில் நாள்கணக்கில் நின்றார். எங்கள் தோட்டத்து ஆட்கள் மூவர் எலும்பும் தோலுமாக இறங்கினார்கள். சித்தப்பா இல்லை. அப்பா தண்டல் வேலையை உதறிவிட்டுப் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் இறக்கப் போனார். பழைய பழக்கத்தில் யாராவது தண்டல் என்று அழைத்தால் எழுந்து போய்விடுவார். லாரியில் போனவர்களின் வீடுகளில் கல்யாணமோ கருமாதியோ, விறகு பிளக்க முதல் ஆளாக நிற்பார். தம்பியை மறைத்து ஊரார் பிள்ளைகளை அனுப்பினாரே என்று பேசியவர்கள் உண்டு. பேசியது நியாயம்தான். அப்பாவும் மறுத்ததில்லை. எனக்கு அவர்மேல் கோபமும் உண்டு, பாசமும் உண்டு. இரண்டும் இன்னும் தீரவில்லை.

கடைசி நாள்களில் அலோர் ஸ்டார் மருத்துவமனையில் நினைவு தப்பிப் பெரட்டுப் பெயர்களை வரிசையாக வாசித்தார். அப்போதும் சித்தப்பாவின் பெயரைத் தாண்டினார்.

அவரைப் பார்த்துக்கொண்ட தாதியர்க்கும், எங்களுக்குச் சோறு கொண்டுவந்த அயலார்க்கும் நன்றி. லாரியில் போனவர்களின் பிள்ளைகள் கூப்பிடாமலே வந்து பாடையைத் தூக்கினார்கள். அவர்களுக்கு எந்த முகத்தோடு நன்றி சொல்வேன்? அன்று ஏறியவர்களின் பெயர்களை எல்லாம் இம்மலரின் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டிருக்கிறோம். முதலில் சித்தப்பாவின் பெயர். இந்த முறை விடவில்லை, சித்தப்பா.